ஒரு திகதிதானே

1996 ஒக்ரோபரில், பாடசாலை விடுமுறை தொடங்கிய முதல் சனிக்கிழமை, ஜேர்மனியின் கிழக்கிலுள்ள ஹாலே நகரத்தை ஒரு வழிகாட்டியுடன் ஒன்றரை மணிநேரம் நடந்து பார்த்தேன். வெயில் அடித்தும் குளிர் போகாத நாள். அந்த நடையில் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. எழுதினால் ஆறிவிடுமோ என்ற பயத்தில்தான் இவ்வளவு காலம் எழுதாமல் இருந்தேன்.

திகதிகளில் நான் பிடிவாதக்காரன். நான் இருக்கும் ஹம் நகரத்தில் எங்கள் ஆட்கள் என்னைத் 'திகதிக்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தப் பிள்ளைக்கு எப்போது ஞானஸ்நானம் நடந்தது, யார் யாருக்கு முன் வந்தார் என்று வாக்குவாதம் வந்தால் என்னிடம்தான் கேட்பார்கள். அப்படிப்பட்ட என்னுடைய அகதி விண்ணப்பம்தான் திகதி முரண்பட்டது என்ற காரணத்துக்காக நிராகரிக்கப்பட்டது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நடந்தது இது. என் தம்பியை 1986 தை மாதம், அதாவது ஜனவரி, பதின்மூன்றாம் திகதி, பொங்கலுக்கு முதல்நாள், இலங்கை இராணுவம் பிடித்துக்கொண்டு போனது. நான் ஆனியில், அதாவது ஜூனில், நாட்டை விட்டு வெளிக்கிட்டு, கிழக்கு பேர்ளின் வழியாக உள்ளே வந்தேன். வந்தவுடன் நடந்த சிறிய விசாரணையில் தை என்று சொன்னேன். தை என்றே பதிந்தார்கள். அடுத்த வருடம் நடந்த பெரிய விசாரணையிலும் தை என்றுதான் சொன்னேன். 1988இல் வந்த முடிவில், பெரிய விசாரணையில் நான் ஆனி என்று சொன்னதாக இருந்தது. ஒரே சம்பவத்துக்கு இரண்டு திகதி, ஆகவே நம்பத்தகாதவர். விசாரணைப் பதிவின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என் கையெழுத்து இருந்ததை வழக்கறிஞர் காட்டினார்.

அன்றைய களைப்பில் என் வாய்தான் தவறிவிட்டது என்று முடிவு செய்தேன். வேறு எதையும் நினைக்க என்னால் முடியவில்லை. அதன்பிறகு எட்டு வருடம், நாடுகடத்தலை ஒவ்வொரு முறையும் சில மாதங்களுக்குத் தள்ளிவைக்கும் டுல்டுங் என்ற தாளோடு இருந்தேன். எனக்குப் பேசியிருந்த பெண் ஐந்து வருடம் காத்திருந்துவிட்டுக் கனடாவுக்குத் திருமணமாகிப் போனாள். அவளைக் குறைசொல்ல எதுவும் இல்லை.

ஹாலேக்குப் போவது என் யோசனை. அங்கே ஒரு பழைய அறநிலையத்தில், தரங்கம்பாடியிலிருந்து பாதிரிமார் அனுப்பிய கடிதங்களும் தமிழ் ஓலைச் சுவடிகளும் இருப்பதாக நூலகத்தில் வாசித்திருந்தேன். எங்கள் கத்தோலிக்கக் குழுவின் வருடாந்த பஸ் பயணத்தை அங்கே வைக்கலாம் என்று கேட்டபோது, புரட்டஸ்தாந்து இடத்தில் எங்களுக்கு என்ன வேலை என்று சிலர் முறைத்தார்கள். எனக்காகப் பேசியவர் ஒருவர்தான். அவரை இங்கே மொழிபெயர்ப்பாளர் என்றே குறிப்பிடுகிறேன்.

ஹம்மிலும் சுற்றுவட்டாரத்திலும் அவருக்குக் கடமைப்படாத தமிழ்க் குடும்பம் இருக்காது. வைத்தியரிடம், பள்ளிக்கூடத்தில், வீட்டுக்காரரிடம், நகரசபையில் எல்லா இடத்திலும் எங்களுக்காகப் பேசியவர் அவர். ஒரு சதமும் வாங்கமாட்டார். அகதி விசாரணைகளுக்கும் அவரைத்தான் அழைப்பார்கள். என்னுடைய பெரிய விசாரணையிலும் அவர்தான் இருந்தார். இடைவேளையில் எனக்குத் தேநீர் வாங்கித் தந்து, தோளில் கை வைத்து, "யோசியாதையும், நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார். அந்த நாட்களில் எனக்கு ஜேர்மன் ஒரு சொல்லும் தெரியாது.

ஹாலேக்குப் போகும் பஸ்ஸில் அதே வசனத்தை இன்னொருவருக்கு அவர் சொல்லக் கேட்டேன். மன்னாரிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு வந்திருந்த பெண். கணவர் இல்லை. வரும் செவ்வாய்க்கிழமை அவருக்கு விசாரணை. பஸ் புறப்பட்டதிலிருந்து அவர் அந்தச் செவ்வாயைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். "நான்தானே வாறன், பிள்ளை. நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார் மொழிபெயர்ப்பாளர். அப்போது எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

வழிகாட்டி, ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா. முந்தைய ஆட்சியில் ருஷ்ய மொழி ஆசிரியராக இருந்து, நாடு ஒன்றான பிறகு வேலை போனவர் என்று தன்னைப் பற்றி இரண்டு வசனத்தில் சொல்லிவிட்டு, சந்தைச் சதுக்கத்தின் ஐந்து கோபுரங்களுக்குக் கீழே நின்று தொடங்கினார். எனக்கும் விளங்கும்படி ஜேர்மனில் நிதானமாகப் பேசினார். நிச்சயமில்லாத இடத்தில் 'அப்படிச் சொல்கிறார்கள், ஆதாரம் இல்லை' என்று சேர்த்தார். எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது.

இந்த நகரம் உப்பால் எழுந்தது என்றார். நிலத்தடியிலிருந்து உவர்நீரை எடுத்து, பெரிய தட்டங்களில் ஊற்றி, விறகு எரித்துக் காய்ச்சி உப்பு எடுத்தார்களாம். மொழிபெயர்ப்பாளர் எங்கள் பக்கம் திரும்பி, எங்கட ஊரைப் போலப் பாத்தி கட்டி வெயிலில் காயவைத்தார்கள் என்றார். மன்னார்ப் பெண் உப்பளத்தில் வேலை செய்தவர்.

"இந்தக் குளிருக்கை எப்பிடியண்ணை காயும்?"

"அப்ப வெயில் கூட, பிள்ளை."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவருக்குக் களைப்பு, காய்ச்சுவதைப் பற்றிய வசனத்தைத் தவறவிட்டிருப்பார் என்று நினைத்தேன். ஒழுங்கைகளுக்குள் நடந்தோம். பாதி வீடுகளில் சாரம் கட்டிப் பூச்சு வேலை நடந்தது. மீதி வீடுகளில் புகைக்கரி அப்பிய சுவரும் உடைந்த யன்னலும். ஒவ்வொரு இடத்திலும் அம்மா ஒன்று சொல்ல, அவர் வேறொன்று சொன்னார். அம்மா ஒரு வணிகரின் வீடு என்றதை அவர் அரண்மனை ஆக்கினார். அம்மா சொல்லாத ஓர் அற்புதத்தை ஒரு தேவாலயத்தில் நடத்திவைத்தார். அறநிலையம் 1698இல் தொடங்கியது என்று அம்மா சொன்னதும், "ஆயிரத்து ஐந்நூறாம் ஆண்டளவிலை" என்றார். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"அண்ணை, 1698."

"திகதிக்காரர் முழிச்சிட்டார்" என்றார் அவர், சனத்தைப் பார்த்து. "ஒரு திகதிதானே, விடும்."

மறுபடியும் சிரிப்பு. இந்தமுறை நான் சிரிக்கவில்லை.

அறநிலையத்தின் நீண்ட முற்றத்தில் அம்மா எங்களுக்காகவே ஆயத்தப்படுத்தி வந்ததைச் சொன்னார். இங்கிருந்து போய் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய இளம் பாதிரியாருக்குத் தமிழ் தெரியாது; வயதான ஒரு தமிழ் ஆசிரியர்தான் கற்பித்தார்; சிறு பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதிப் பாதிரியார் தமிழ் எழுத்தைப் பழகினார். இதைச் சொல்லும்போது அம்மா எங்களைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது. எங்களுக்குப் பெருமையாக இருக்கும் என்று எதிர்பார்த்தார்.

மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: "அந்தச் சுவாமிதானாம் எங்கட பிள்ளையளை மணலிலை இருத்தி அ, ஆ படிப்பிச்சவர். அதுக்கு முதல் எங்கட சனத்துக்கு எழுத்து வாசிப்பு இல்லையாம்."

எங்கள் ஆட்கள் தலையாட்டினார்கள். அவர்கள் தலையாட்டியதைப் பார்த்து அம்மாவும் சிரித்தார். நான் மொழிபெயர்ப்பாளரின் கையைப் பிடித்து ஒதுக்குப்புறமாகக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த மனுசி சொன்னதை ஏன் தலைகீழாக மாற்றினீர்கள் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. எனக்காக இரக்கப்படுகிறவர் போல விளக்கினார். சுவாமி போய்த் தமிழ் படித்தார் என்றால் அதில் என்ன கதை இருக்கிறது? கேட்கிறவனுக்கு மனதில் பதியிற மாதிரிச் சொல்ல வேண்டும். இருபது வருட அனுபவத்தில் கண்டது அது.

பிறகு, ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல், இதையும் சொன்னார்.

"உம்மட விசாரணையிலையும் அப்பிடித்தானே செய்தனான். தம்பியைத் தையிலை பிடிச்சவங்கள், நீர் ஆனியிலைதான் வெளிக்கிட்டனீர். அஞ்சு மாசம் சும்மா இருந்தனீரோ எண்டு விசாரிக்கிறவன் கேட்டிருப்பான். அதுதான் கிட்டவாக் கொண்டுவந்து விட்டனான்."

அவர் பேசியது எனக்கு விளங்க நேரம் எடுத்தது. அந்த ஐந்து மாதமும் நான் சும்மா இருக்கவில்லை. இராணுவ முகாம் முகாமாகப் போய் வாசலில் நின்றேன். என் தாயைக் கூட்டிக்கொண்டு நின்றேன், தனியாக நின்றேன். எந்த முகாம், எந்த நாள், வெளியே வந்து பேசியவன் என்ன சொன்னான் என்று விசாரணையில் ஒன்று விடாமல் சொல்லியிருந்தேன்.

"நான் தேடினதெல்லாம்?"

"திகதியை மாத்தினால் பிறகு அதுக்கு இடமில்லைத்தானே."

"கடைசியிலை பதிவைத் தமிழிலை வாசிச்சுக் காட்டேக்கை தை எண்டுதானே சொன்னனீங்கள்."

"நீர் குழம்பிப்போடுவீர் எண்டுதான். நல்லதுக்குத்தான் செய்தனான், ஐசே."

அவரை அடிக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் சில நாட்களில் என்னை நொந்துகொள்கிறேன். தம்பி அதன்பிறகு வரவில்லை. அவனைப் பற்றி எனக்கு நிச்சயமாகத் தெரிந்த கடைசி விடயம் அந்தத் திகதி. இந்த மனிதர் அதை ஒரு கதிரையை இழுத்துப் போடுவதைப் போல இழுத்துப் போட்டிருக்கிறார். எட்டு வருடம் நான் என் நாக்கைச் சந்தேகித்தேன்.

மேல்மாடியில் பழம்பொருள் அறை. கூரையிலிருந்து ஒரு முதலை தொங்கியது. பிள்ளைகள் அதற்குக் கீழே படுத்துப் படம் எடுத்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஓலைச் சுவடி இருந்தது. டுல்டுங்கில் இருப்பவர் அனுமதியில்லாமல் மாவட்டம் தாண்ட முடியாது; அதைப் பார்க்கத்தான் அந்த அனுமதி கேட்டு அலுவலகத்தில் நின்றேன். அதன் முன்னால் நின்றும் ஓர் எழுத்தைக்கூட நான் வாசிக்கவில்லை. கண் அதில் இருந்தது, அவ்வளவுதான்.

மன்னார்ப் பெண் வழிகாட்டியிடம் ஒன்று கேட்க விரும்பினார். சுவாமியுடன் அந்தக் காலத்தில் ஒரு தமிழ் ஆசிரியர் இருந்தாராமே, அவருக்குப் பிறகு என்ன நடந்தது என்று. முற்றத்தில் பிள்ளைகள் தங்களுக்குள் பேசியதிலிருந்து ஆசிரியரைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது. பிள்ளைகளுக்குத்தான் மொழிபெயர்ப்பு வேண்டியதில்லையே. மொழிபெயர்ப்பாளர் அம்மாவிடம், இந்தச் சுவடிகள் எவ்வளவு பழையவை என்று கேட்டார். அம்மா அதற்குப் பதில் சொன்னார். இவர் திரும்பி, "வாத்தியாரும் ஞானஸ்நானம் எடுத்து வேதத்துக்கு வந்து கடைசிவரைக்கும் சந்தோசமா இருந்தவராம்" என்றார்.

என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியாது. அந்தப் பெண் என்னைப் பார்த்து, "அண்ணை, அந்த மனிசி அப்பிடியோ சொன்னவ?" என்று கேட்டார்.

"இல்லை."

நான் என் ஜேர்மனில் அம்மாவிடம் அந்தக் கேள்வியை அப்படியே கேட்டேன். அம்மா, தனக்குத் தெரியாது என்றார். வாசித்த எதிலும் அதைக் கண்டதில்லை, ஊகித்துச் சொல்லத் தான் விரும்பவில்லை என்றார். அதையும் அப்படியே தமிழில் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர், இனி மதியச் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கலாம் என்று எல்லோரையும் படியிறக்கினார். யாரும் என்னுடன் பேசவில்லை. இரண்டு பேர் நான் நன்றிகெட்டவன் என்று என் காதில் விழும்படியாகவே பேசிக்கொண்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் அந்தப் பெண் வந்து என் பக்கத்தில் இருந்தார். முற்றத்தில் நடந்ததைச் சொன்னேன். தம்பி, தை, ஆனி, எல்லாம். அவர் உடனே நம்ப விரும்பவில்லை. மொழிபெயர்ப்பாளர்தான் தன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தவர், பின்னேரத்தில் காய்ச்சலென்றால் காரில் ஏற்றிப் போகிறவர் என்றார். எல்லாம் உண்மைதான் என்றேன். வேறு ஆளைக் கேட்கலாமா என்றார். கேட்கலாம், ஆனால் விசாரணை தள்ளிப்போகும், எவ்வளவு தள்ளிப்போகும் என்று சொல்ல ஏலாது என்றேன். அவர் மடியில் நித்திரையான கடைசிப் பிள்ளையைச் சரியாகக் கிடத்தினார்.

"அப்ப என்ரை திகதியளை ஜேர்மனிலை சொல்லித் தாங்கோ."

மூன்று திகதிகள். கணவரைக் கூட்டிப்போன நாள், வீட்டை விட்டு மடு அகதி முகாமுக்குப் போன நாள், பிள்ளைகளோடு கொழும்புக்கு வந்த நாள். அவற்றை இங்கே எழுத மாட்டேன், அவை அவருடையவை. இருபத்தைந்து என்பதை ஜேர்மன்காரர் ஐந்தும் இருபதும் என்று சொல்வார்கள் என்றபோது, "ஏன் பின்னுக்கிருந்து வாறாங்கள்?" என்று கேட்டுச் சிரித்தார். திரும்பத் திரும்பச் சொன்னார். நாக்குப் புரளாத இடத்தில் நின்று, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

மொழிபெயர்ப்பாளர் ஒலிவாங்கியில் நன்றியுரை சொல்லி முடித்துவிட்டு, மிக்ஸர் பையோடு இருக்கை இருக்கையாக வந்தார். எங்களிடம் வந்ததும் என்னைப் பார்க்காமல் அவரிடம் கேட்டார்.

"என்ன பிள்ளை, எண்ணப் பழகுறீரோ?"

"ஓம் அண்ணை. செவ்வாய்க்கிழமை என்ரை திகதியளை நானே சொல்லப் போறன்."

"அப்ப நான் என்னத்துக்கு?"

"மிச்சத்தைச் சொல்லுங்கோ."

அவர் மிக்ஸர் பையைப் பிடித்தபடி நின்றார். பஸ் ஒரு வளைவில் திரும்பியதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னுக்குப் போய்விட்டார். எங்களுக்கு மிக்ஸர் தரவில்லை.

என்னுடைய வழக்கைத் திரும்பத் திறக்க ஏலாது என்று வழக்கறிஞர் அந்தக் கார்த்திகையில் சொன்னார். பக்கத்துக்குப் பக்கம் நான் கையெழுத்து வைத்திருக்கிறேன். மொழிபெயர்ப்பாளரைக் கோயில் வாசலில் ஞாயிறுதோறும் காண்பேன். அவர் தலையாட்டுவார். நான் ஆட்டமாட்டேன். மறுவருடம் அந்தப் பெண் தன் விசாரணைப் பதிவைக் கொண்டுவந்து காட்டி, வாசித்துச் சொல்லச் சொன்னார். அவர் பஸ்ஸில் சொன்ன மூன்று திகதிகளும் அதில் அப்படியே இருந்தன. மற்ற வசனங்கள் அவர் சொன்னவைதானா என்று அவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தேன். இரண்டாம் பக்கத்திலேயே அவர், "இல்லையண்ணை, இதை நான் சொல்லேல்லை" என்றார்.