கட்டைவிரல்காரன் மலையின் பழைய பெயர்

புவாலு என்றால் அந்தப் பனிக்கடல் கரையின் பேச்சில் தோல் கையுறை. கடற்கழியின் வாயில் நிற்கும் மலையும் அதே வடிவம்தான்: நாலு விரலும் ஒட்டிக்கொண்ட மாதிரி அகலமாக ஒரு முகடு, அதிலிருந்து விலகி விறைத்து நிற்கும் கட்டைவிரல் ஒன்று. அர்னாட்சியாவின் புருஷன் பெயரும் புவாலு. பெயர்ப் பொருத்தத்தை வைத்துக்கொண்டு அவன் அடித்த கூத்து கொஞ்சமில்லை.

"என் மலையைத் தாண்டித்தான எல்லாரும் சீல் வேட்டைக்குப் போறீங்க? ஒருத்தனாவது எனக்குன்னு ஈரல் ஒதுக்கிருக்கீங்களாடா?" என்று கயாக் என்னும் ஒற்றையாள் தோல் படகில் உட்கார்ந்தபடியே வம்பிழுப்பான். அவன் மலை முனையைச் சுற்றித் திரும்புவது தெரிந்தால் கரையில் தோல் சுரண்டிக்கொண்டிருக்கும் பெண்கள் குரல் கொடுப்பார்கள்: "ஏ அர்னாட்சியா, மலை மிதந்து வருது. சட்டியைக் கொழுப்பு விளக்கு மேல தூக்கு!"

ஓர் இலையுதிர் காலத்தில், கடல் கஞ்சிபோல உறையத் தொடங்கிய நாளில், கயாக் மட்டும் கவிழ்ந்தபடி வந்து சேர்ந்தது. அவன் வரவில்லை.

அன்றோடு பெயரும் மூடிக்கொண்டது. இறந்தவர் பெயரை ஒரு குழந்தைக்கு வைக்கும்வரை யாரும் உச்சரிக்கக் கூடாது. கூப்பிட்டால் போகிறவர் திரும்பிப் பார்ப்பார், போக முடியாமல் நடுவழியில் அல்லாடுவார். ஞானஸ்நானம் வாங்கியவர்கள்கூட இந்த விஷயத்தில் பழைய ஆட்களாகவே இருந்தார்கள். கையுறையைக் 'கைவீடு' என்றார்கள். மலை 'கட்டைவிரல்காரன்' ஆனது. பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அதற்கு வேறு பெயர் இருந்ததே தெரியாது.

அர்னாட்சியாவுக்குப் பிள்ளை இல்லை. ஊரில் யார் வயிறு மேடிட்டாலும் முதலில் கண்டுபிடிப்பவள் அவள்தான். உலர்த்திய மீனையும், தான் தின்னாமல் வைத்திருந்த கொழுப்பையும் எடுத்துக்கொண்டு போய் நிற்பாள். வாய்விட்டுக் கேட்க மாட்டாள். பிறந்த குழந்தைக்குத் தாத்தா பெயரோ தங்கை பெயரோ வைத்துவிடுவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் காத்திருக்கும் பெயர்கள் இருந்தன. அவள் வெறும் தட்டோடு திரும்பி வருவாள்.

புருஷனின் அக்கா மிகீகி ஒரு நாள் கேட்டே விட்டாள். "ஏன்டி, ஊரெல்லாம் உன்னப் பாத்துச் சிரிக்குது. உனக்கு இன்னொருத்தன் கிடைக்க மாட்டானா?"

"கிடைப்பான் மதினி. அவனக் கூப்பிடத்தான் எனக்கு வாய் வராது."

பயம் அவளுக்கு ஆவியைப் பற்றியதல்ல, தன் வாயைப் பற்றியது. நாவல்பழ நிறத்தில் காய்க்கும் சின்னக் காட்டுப் பழங்களைத் தனியாகப் பறிக்கப் போகும்போது, சுற்றிலும் ஆள் இல்லாத இடத்தில், அந்தப் பெயரின் முதல் எழுத்துக்கு உதடு இரண்டும் தானாகவே சேரும். அப்படியே வைத்திருந்துவிட்டு மூச்சை விட்டுவிடுவாள்.

சில ஆண்டுகள் கழித்து ஒரு கோடையில் டென்மார்க்கிலிருந்து நில அளவைக்காரர்கள் வந்தார்கள். தலைவர் ஹோல்கர் என்ற நெட்டை மனிதர். அதே தீவின் மேற்குக் கரையைச் சேர்ந்த எலியாஸ் அவருக்கு மொழிபெயர்ப்பாளர். பெரிய தோல் படகில் துடுப்பு வலிப்பது பெண்கள் வேலை. ஊர்ப் பெண்களைக் கூலிக்கு அமர்த்தினார்கள். அர்னாட்சியாவும் மிகீகியும் ஒரே பலகையில் உட்கார்ந்து வலித்தார்கள். ஹோல்கர் கை நீட்டிய மலையையெல்லாம் பெண்கள் பெயர் சொல்ல, எலியாஸ் எழுதிக்கொண்டே வந்தான். கெண்டைக்கால், தூங்குமூஞ்சி, காற்றுக்கு முதுகு காட்டுறவன். ஒரு மொட்டைப் பாறைக்கு மிகீகி சொன்ன பெயரைக் கேட்டு எலியாஸ் காது சிவந்து, எழுதலாமா வேண்டாமா என்று விழித்தான். படகே குலுங்கிச் சிரித்தது.

கடற்கழியின் வாய் வந்தது. "அது?"

"கட்டைவிரல்காரன்," என்றார்கள் எல்லோரும் ஒரே குரலில்.

ஹோல்கர் புருவத்தைச் சுருக்கினார். முன்னொரு காலத்தில் வந்துபோனவர்கள் வரைந்த பழைய படத்தை விரித்து, அதில் விரலை வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"பூ... வா... லு."

துடுப்புகள் நின்றுவிட்டன. மிகீகி தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். படகு அலையின் போக்கில் மெல்லத் திரும்பியது.

"நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?" என்று ஹோல்கர் எலியாஸிடம் கேட்டார். எலியாஸ் தாழ்ந்த குரலில் விஷயத்தைச் சொன்னான். மனிதர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

அர்னாட்சியா மட்டும் நிமிர்ந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உச்சரிப்பு கோணல்தான். ஆனாலும் அந்தப் பெயர் காற்றில் வந்து அவள் காதில் விழுந்துவிட்டது.

மாலையில் கூடாரத்துக்கு வெளியே எலியாஸிடம் போய் நின்றாள். "தம்பி, அந்த மலைக்கு என்ன பேருன்னு அவரக் கேளேன்."

"அக்கா, நீங்கதான சொன்னீங்க?"

"எனக்கு மறந்துபோச்சு. கேளு."

பின்னாலிருந்து மிகீகி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "அடி கிறுக்கி! என் தம்பிய நிம்மதியாப் போக விட மாட்டியா?"

"நான் சொல்லலியே மதினி. கேக்கத்தான செஞ்சேன்." சொல்லும்போதே குரல் உடைந்தது. மிகீகி திட்டுவதை நிறுத்தி, அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

புறப்படுவதற்கு முன் ஹோல்கர் கேட்டு அனுப்பினார்: படத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம், எதை எழுதட்டும்? எல்லோரும் அர்னாட்சியாவைப் பார்த்தார்கள். பழைய பெயரை எழுதினால் அது அழியாது. முன்பின் தெரியாத யார் யாரோ படிப்பார்கள்.

"கட்டைவிரல்காரன்னே போடச் சொல்லு," என்றாள். "கண்டவங்க எல்லாம் கூப்பிட்டா அவர் எத்தன தடவைதான் திரும்புவாரு?"

அப்படியே அச்சானது.

அதற்குப் பிறகு ஒரு குளிர்காலத்தில் மிகீகியின் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெயருக்கு ஆண், பெண் பேதம் அங்கே கிடையாது; அதை வாங்கும் குழந்தைதான் இனி இறந்தவர். மிகீகி பனியில் விழுந்தடித்து ஓடிவந்து வாசல் தோலை விலக்கினாள். "வாடி. உன் புருஷன் வந்திருக்கான். மூக்கு சப்பை, ஆனா தொண்டை அவனோடதுதான்!"

அர்னாட்சியா குழந்தையைக் கையில் வாங்கினாள். வீடு நிறைய ஆட்கள் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தார்கள். அவளுக்கு முதலில் காற்றுதான் வந்தது. பிறகு, "புவாலு," என்றாள். குழந்தை கொட்டாவி விட்டது. இன்னொரு தடவை சொன்னாள். பெயர் குழந்தையிடம் போய்ச் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டது. முனையைச் சுற்றித் திரும்பி வர வேண்டியவனிடம் அது போகவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

இருந்தாலும் குழந்தையை விட்டு அவள் நகரவில்லை. பேச்சு வந்ததும் அது அவளை "ஏ பொண்டாட்டி, கறி குடு!" என்று அதட்டும், அவள் நல்ல துண்டாக எடுத்து மென்று ஊட்டுவாள். ஊர் பழைய பெயருக்குத் திரும்பியது. இளவட்டங்களுக்கு மட்டும் மலை கட்டைவிரல்காரனாகவே நிலைத்துவிட்டது.

சீல் குறைந்த ஒரு வருடம் குழந்தையின் அப்பன் குடும்பத்தோடு தெற்கே வேறொரு கடற்கழிக்குப் போக முடிவு செய்தான். "நீ இங்கயே இரு, மலையாவது கண்ணுக்குத் தெரியும்," என்றாள் மிகீகி. அர்னாட்சியா தன் விளக்கைத் துடைத்துத் தோலில் சுற்றினாள்.

படகில் அவள்தான் துடுப்பு வலித்தாள். வலிக்கிறவர்கள் பின்பக்கம் பார்த்து உட்கார்வதால், மலை மறையும்வரை அவள் கண்ணெதிரே இருந்தது. புது ஊரிலும் சுற்றிலும் மலைகள். அங்கிருந்த பெண்கள் ஒவ்வொன்றையும் காட்டிப் பெயர் சொன்னார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். எதையும் திருப்பிச் சொல்லிப் பார்க்கவில்லை.