எட்டுக் கொத்தனார்களின் சுவர்

சமையலறையில் ஒரு தட்டு சுவரில் மோதி நொறுங்கியது. அடுத்து இன்னொன்று.

கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்த சாயக்காரி பேனாவைக் கீழே வைக்கவில்லை. பதினோரு வருடமாகச் சாயப்பட்டறையில் கலவை போடுகிறவள். துணி இரண்டு மடங்கானால் சாயம் இரண்டு மடங்கு, உப்பும் இரண்டு மடங்கு. அவள் கையில் ஒருநாளும் நிறம் பிசகியதில்லை. அந்தப் பழக்கமே பட்டறையில் பதவி உயர்வுக்கு வைத்த எழுத்துத் தேர்வில் அவள் காலை வாரிவிட்டது.

"நாலு கொத்தனார் ஆறு நாள்ல கட்டுற சுவரை எட்டுப் பேரு எத்தனை நாள்ல கட்டுவாங்க? நீ பன்னெண்டுன்னு எழுதியிருக்கே," என்றாள் எதிரே இருந்த பட்டறை மேஸ்திரியம்மா. "இது ஒண்ணுதான் குறை. வேற ஒண்ணு தர்றேன், இப்பவே போடு. சரியா வந்தா கலவை அறை உன் பொறுப்பு. பட்டறை வளாகத்துல உனக்கு ஒரு வீடும் உண்டு."

வீடு என்றதும் சமையலறையிலிருந்து புருஷன் பாய்ந்து வந்தான். அவனும் கொத்தனார்தான். கொண்டையைப் பிடித்து இழுத்து அறைந்தான். உதடு கிழிந்து தாளில் ரத்தம் சொட்டியது.

"எட்டுப் பேரு இறங்கினா மூணே நாள்ல முடிஞ்சிரும்டி. பன்னெண்டு நாளும் அவங்க என்ன, சீட்டா ஆடுவாங்க? இந்த மூளைக்குத் தனி வீடு ஒரு கேடா?"

மேஸ்திரியம்மா எழுந்தாள். "கையை எடுய்யா."

"நீங்க கணக்கைச் சொல்லுங்கக்கா," என்றாள் சாயக்காரி. கன்னம் எரிந்தது. ஆனால் அவன் வாயாலேயே அவளுக்குக் கணக்கு புரிந்துவிட்டது.

"ஆறு பேரு பத்து நாள். பதினஞ்சு பேருன்னா?"

முதுகில் உதை விழுந்தது. கவிழ்ந்து கிடந்தபடியே எழுதினாள். ஆள் கூடினால் நாள் குறையும். ஆறு பத்து அறுபது. பதினைந்தால் வகுத்தால் நாலு.

தாளைப் பறிக்க அவன் குனிந்தான். பக்கத்திலிருந்த இஸ்திரிப் பெட்டியை எடுத்து அவன் மணிக்கட்டில் ஓங்கி இறக்கினாள். எலும்பு முறிந்தது மூவருக்கும் கேட்டது. அவன் சுருண்டு விழுந்தான்.

"சரியாக்கா?"

மேஸ்திரியம்மா தாளை எடுத்துப் பார்த்தாள். "சரிதான்."

"என் கை போச்சேடி..." அவன் குழந்தைபோல் அழுதான். அந்த அழுகைக்கு எத்தனையோ முறை அவள் இளகியிருக்கிறாள். இன்றும் கண் கலங்கியது.

"பக்கத்து வீட்ல சொல்லிட்டுப் போறேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாங்க," என்றாள்.

மேஸ்திரியம்மா முதலில் படியிறங்கினாள். தன் துணிமணிகளை மூட்டை கட்டிக்கொண்டு பின்னால் வந்த சாயக்காரி, வெளியிலிருந்து கதவைச் சாத்தினாள்.