அவ்வாவின் பாவுக் கயிறு

அண்ணன் வீட்டு விசைத்தறிக் கொட்டகையில், சுவர் ஆணியில் ஒரு பழைய கயிறு கட்டித் தொங்குகிறது. கறுத்துப்போன சாதாரணக் கயிறு. தூக்கிப் போடச் சொல்லி அண்ணிக்கு வாய் ஓயாது. "அதத் தொட்டீங்கன்னா பாத்துக்கங்க" என்று நானும் சண்டைக்கு நிற்பேன். அதை அந்த ஆணியில் கட்டியது அவ்வா.

அவ்வா என்றால் அப்பாவைப் பெற்றவர். அருப்புக்கோட்டையில் வீட்டுக்குள் தெலுங்கும் வீதியில் தமிழும் பேசுகிற நெசவுக் குடும்பம் எங்களுடையது. அறுபதுகளில், நான் சிறுமியாக இருந்தபோது, விடிந்தால் வீதி பாவுக்குச் சொந்தம். தறியில் ஏற்ற வேண்டிய நூலை வீதி நீளத்துக்கு இழுத்து, இரு முனையும் முளைக்கம்பில் கட்டி, கஞ்சி தடவி, இழைகள் ஒட்டாமல் பிரஷ்ஷால் நீவி நீவிக் காயவைப்பார்கள். காயும் முன் மண்ணில் விழுந்தால் அத்தனையும் பாழ். அதனால் பாவு கிடக்கும்போது வண்டி நிற்கும், மாடு நிற்கும், பிணம்கூட நிற்கும். யாரும் முணுமுணுப்பதில்லை, நாளைக்கு அவரவர் பாவும் அங்கேதானே கிடக்க வேண்டும்!

அன்று எங்கள் பாவு. கஞ்சி சொட்டிக்கொண்டிருந்தது. திருச்சுழிப் பக்கத்துக் கூண்டு வண்டி ஒன்று சந்திலிருந்து வந்து பாவுக்கு முன்னால் நின்றது. வண்டிக்காரர் குதித்து இறங்கிக் கும்பிட்டார்.

"ஐயா, பிரசவ கேசுய்யா. ஆஸ்பத்திரிக்குப் போகணும், கொஞ்சம் வழி விடுங்கய்யா."

தாத்தா பிரஷ்ஷிலிருந்து நிமிரவேயில்லை. "பாவு ஈரமாக் கெடக்குல்ல. பஜார் வழியாச் சுத்திப் போங்க."

"அம்புட்டு நேரம் தாங்காதுய்யா!" கூண்டுக்குள்ளிருந்து ஒரு கிழவி அழுதாள். அவள் மடியில் ஓர் இளம்பெண் கிடந்தாள். கத்தியிருந்தால்கூட நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அவள் கத்தாமல் கிடந்தாள்.

அவ்வா கஞ்சிக் கையோடு போய்க் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார். நேராக முளைக்கு வந்து கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். இறுகிய முடிச்சு, ஈரம் வேறு. நகம் வழுக்கியது.

"ஏய், கிறுக்கா புடிச்சிருக்கு உனக்கு?" என்று தாத்தா ஓடி வந்தார். அவ்வா தெலுங்கில் திருப்பிக் கேட்டதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "அன்னைக்கும் காயட்டும்னுதான சொன்னீக? எம்மக காத்திருந்தாளா?"

தாத்தா அப்படியே நின்றுவிட்டார். நான் பிறக்கும் முன்பே, முதல் பிரசவத்தில் இறந்துபோன அத்தையைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே இருக்காது. அன்றைக்கும் வழியை மறித்துக் கிடந்தது எங்கள் பாவுதான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அவ்வா பல்லால் கடித்து இழுத்தார். முடிச்சு அசையவில்லை. வண்டிக்குள் கிழவியின் அழுகையும் நின்றுபோயிருந்தது. தாத்தா பிரஷ்ஷைக் கீழே போட்டார். அவ்வாவுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, அவரும் முடிச்சில் கை வைத்தார். பாவு சொத்தென்று புழுதியில் விழுந்தது. வண்டி அதன் மேலேயே ஏறிப் போனது.

சாயங்காலம் தாத்தா யாரிடமும் சொல்லாமல் எங்கேயோ போய்விட்டு வந்தார். அவ்வா வாசலில் மண்ணும் நூலுமாகக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணு பொழச்சுக்கிருச்சு. பொம்பளப் புள்ள பொறந்திருக்கு" என்றார் தாத்தா.

அவ்வா விளக்குமாற்றைப் போட்டுவிட்டு, செத்துப்போன மகளின் பெயரைச் சொல்லி ஓவென்று அழுதார். அத்தனை வருடமும் அடக்கி வைத்திருந்த அழுகை. தாத்தா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். அந்த மாதம் முழுக்க எங்களுக்குக் கூழ்தான். யாரும் குறை சொல்லவில்லை.

அடுத்த பாவுக்கு அவ்வாவே முடிச்சுப் போட்டார். எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் நுனியைப் பிடித்து இழுத்தால் அவிழ்ந்துவிடும் முடிச்சு. அதன் பிறகு வேறு யாரையும் கட்ட விட்டதில்லை. எழுபதுகளில் தாத்தா போன பிறகும், பாவு காய்ந்து முடியும்வரை கயிற்றோரமே நிற்பார். வெயில் ஏறும், சாப்பிடக் கூப்பிட்டாலும் வர மாட்டார். "யாராச்சும் வந்துட்டா?" என்பார். தொண்ணூறுகளில், பாவே வீதிக்கு வராமல் போன பிறகுதான் கயிற்றைக் கொண்டுபோய் ஆணியில் கட்டினார்.

போன வாரம் அண்ணி மறுபடி ஆரம்பித்தாள். "இறுகிப் போயிக் கெடக்கு, இனிமே அறுத்துத்தான் எடுக்கணும்" என்றாள். நான் நுனியைப் பிடித்து இழுத்தேன்.

ஒரே இழுப்புத்தான். அவிழ்ந்து என் கையில் விழுந்தது.