சவுண்டல் தழையும் குதிரையின் பிடரியும்

குளியலறையில் தண்ணீர் போகும் துளையை அடைத்துக்கொண்டு ஒரு கொத்து முடி கிடந்தது. முழ நீளம், கறுப்பு. மகள் அப்போதுதான் குளித்துவிட்டுப் போயிருந்தாள். எட்டாவது படிக்கிறாள். அந்த வயதில் முடி கொட்டினால் என்னென்ன நோயாக இருக்கலாம் என்று நான் படித்தவை அத்தனையும் ஒரே நொடியில் நினைவுக்கு வந்தன. கூப்பிட்டு, ஈரத் தலையைப் பிடித்து, வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்தேன்.

"வலிக்குதுப்பா. அது என்னுது இல்ல."

"பின்ன யாருது?"

"குதிரையோடது. சீவுறப்ப என் மேலெல்லாம் ஒட்டிக்கிச்சு." சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள்.

உழவர்கரையில் எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஒருவர் குதிரை வைத்திருக்கிறார். பகலில் டெம்போ ஓட்டுவார். முன்பு மாடு கட்டிய கொட்டகையில்தான் இப்போது அந்தப் பெட்டைக் குதிரை நிற்கிறது. மாலையில் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றும். முகூர்த்த நாட்களில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போகும். பள்ளி விட்டதும் என் மகள் அங்கேதான் இருப்பாள். எனக்கு அது பிடித்ததே இல்லை. உதைக்கும், கடிக்கும் என்று சொல்லிக்கொண்டே வாசலில் நிற்பேன். உள்ளே போனதில்லை.

குதிரைக்குப் பிடரி மயிர் கொஞ்சம்தான். "எங்க பெரியப்பா தலை மாரி, சார். எண்ணிடலாம்" என்று அவரே சிரிப்பார். ஒருநாள் கல்யாண வீட்டார் பார்க்க வந்தார்கள். கழுத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வேறு குதிரை தேடிப் போய்விட்டார்கள். மகளுக்கு அது பொறுக்கவில்லை. செல்போனில் வீடியோக்களைத் தேடித்தேடிப் பார்த்தாள். அகலப் பல் சீப்பு வாங்கினாள். நுனியிலிருந்து மேலே மேலே சிக்கெடுத்தாள். துளி தேங்காயெண்ணெயை விரலில் தொட்டுத் தடவினாள். கொள்ளு ஊறவைத்துக் கொடுத்தாள். ஆளி விதை வேண்டும் என்றாள். நானே பெரிய மார்க்கெட்டில் வாங்கி வந்தேன்.

முடி வளரப் புரதம் வேண்டும், பச்சைத் தழையில் அது நிறைய இருக்கிறது என்று ஏதோ ஒரு வீடியோவில் சொன்னார்கள் போலிருக்கிறது. எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனை முழுக்கச் சவுண்டல் மரங்கள். ஆடு வளர்ப்பவர்கள், மாடு வைத்திருப்பவர்கள் எல்லாரும் அங்கே வந்துதான் தழை ஒடித்துப் போவார்கள். இவளும் தினமும் இரண்டு கை நிறைய ஒடித்துக் கொண்டுபோனாள். குதிரை அவளைக் கண்டாலே கனைத்தது. "தீவன வேல எனக்கு மிச்சம் பாப்பா" என்று அவருக்கும் சந்தோஷம்.

அன்று அவளுடைய ஈரத் தலையோடே கொட்டகைக்கு ஓடினோம். குதிரைக்காரர் கழுத்தைத் தடவியபடி நின்றிருந்தார். பிடரியில் திட்டுத் திட்டாகத் தோல் தெரிந்தது. வால் சாட்டைக் கயிறு போல மெலிந்திருந்தது.

"இன்னா சார் இது? சீப்புல வருதுன்னு பாப்பா சொல்லுச்சு. கோடைக்கு உதுருதுன்னு வுட்டுட்டேன்."

அன்றுதான் முதல்முறையாக அந்தக் குதிரையைத் தொட்டேன். ஒரு கற்றையைப் பிடித்தேன். இழுக்கவில்லை, பிடித்தேன், அவ்வளவுதான். கையோடு வந்துவிட்டது. குதிரை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வலிக்காமல் ஓர் உயிரிலிருந்து இப்படி ஒன்று கழன்று வர முடியும் என்று எனக்குத் தெரியாது. கையிலிருந்ததை எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றேன்.

கால்நடை மருத்துவர் வந்தார். என்னென்ன தீனி என்று கேட்டார். மகள் ஒன்று விடாமல் சொன்னாள். சவுண்டல் என்றதும் அவர் நிமிர்ந்தார்.

"எத்தினி நாளா?"

"ஒரு மாசத்துக்கு மேல இருக்கும் மேடம்."

"ஆடு மாடு வயிறு வேற, குதிரை வயிறு வேறம்மா. அந்தத் தழைல இருக்கற விஷம் மாட்டுக்குப் பெரும்பாலும் செரிச்சிடும். இதுக்குச் செரிக்காது. பிடரியும் வாலும்தான் மொதல்ல போகும்."

முடி வளர்க்கக் கொடுத்த தழையே முடியைத் தின்றிருக்கிறது. மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். மருத்துவர் குனிந்து குதிரையின் முன்காலைத் தூக்கினார்.

"முடி திரும்ப வளரும். என் பயம் குளம்புக்கு. முடியும் குளம்பும் ஒரே சரக்குதான். கொஞ்சம் நடக்க வுடுங்க பாப்போம்."

குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்து நடத்தினார். சுடுமணலில் வெறுங்காலோடு நிற்பவர்கள் கால் மாற்றுவார்களே, அப்படி மாற்றி மாற்றி வைத்தது குதிரை. அவர் கயிற்றைச் சுருக்கிப் பிடித்து அதை நிறுத்தினார்.

"நடக்கலன்னா குதிரைய வச்சிக்கினு நான் இன்னா பண்ணுவேன்?"

"நான்தான் மாமா போட்டேன்" என்றாள் மகள்.

"நீ போட்ட. நான் பாத்துக்கினுதான இருந்தேன்? வுடு."

மருத்துவர் சொன்னபடி தழை நின்றது. சேணத்தை ஆணியில் மாட்டிவிட்டார்கள். காலடியில் மெத்தென்று மணல் பரப்பினோம். உதைக்கும் என்று வாசலில் நின்றவன், தினமும் ஆபீஸ் போகும் முன் கொட்டகைக்குள் குந்தி உட்கார்ந்து குளம்பைப் பார்த்தேன். பிடரியை யாரும் பார்க்கவில்லை. மகள் சரியாகச் சாப்பிடாமல் இளைத்துப் போனாள். குதிரை நடக்காமல் போனால் இவளை என்ன சொல்லித் தேற்றுவது என்று எனக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு வாக்கியம்கூடத் தேறவில்லை.

காலி மனையில் கைக்கு எட்டிய சவுண்டல் கன்றுகளைப் பிடுங்கி எறிந்தேன். ஒரு மழைக்கு மறுபடி முளைத்தன. இன்றும் குளியலறையில் ஒரு முடி கிடந்தால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் குதிரை தெருமுனை வரை போய்த் திரும்பியது. ஒரு காலும் தயங்கவில்லை. பிடரியில் பல் துலக்கும் பிரஷ் போலக் குட்டை மயிர் விறைத்து நின்றது. மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு குதிரைக்காரர் அறுத்துப் போட்டிருந்த அருகம்புல்லில் ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டு அவரிடமே போனாள்.

"மாமா, இது போடலாமா?"

"நான் அறுத்த புல்ல எங்கிட்டயே காட்டி இது புல்லான்னு கேக்குற பாரு. போடு பாப்பா."

அவள் போடவில்லை. அந்தப் புல்லை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நானும் ஒவ்வொரு புல்லாகப் பிரித்துப் பார்த்த பிறகுதான் தலையசைத்தேன்.