பட்டினிச் சிலந்தி

பக்கத்து வீட்டு வாசலில் புதுக் கார் வந்து நின்றால் என் மனைவி எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள். நாத்தனார் நகை வாங்கினால் “நல்லாருக்கு” என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். ஆனால் யாரோ எங்கேயோ ஒரு புதிய சிலந்தியைக் கண்டுபிடித்துப் பெயர் வைத்துவிட்டார்கள் என்று காதில் விழுந்தால் போதும், அன்றைக்கு எங்கள் வீட்டுச் சமையலில் உப்பு இருக்காது. வயிற்றெரிச்சலை மறைக்கிற வழக்கமும் அவளுக்கு இல்லை. “ஆமாங்க, எரியுது. இப்ப என்ன?” என்பாள்.

நான் பல் செட் செய்து பிழைக்கிறவன். அவள் அருங்காட்சியகத்தில் சிலந்திப் பிரிவு. கல்யாணத்துக்கு முன்பே அந்த அறைக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டாள் என்று நான் சொல்வதுண்டு. மாடியின் கோடியில் ஜன்னல் சரியாக மூடாத ஓர் அறை, சுவர் முழுக்கச் சாராய நெடி வீசும் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள், நடுவில் ஒரு நுண்ணோக்கி. குப்பிக்குள் வருகிற சிலந்தி எந்த இனம் என்று சொல்வது அவள் வேலை. இதுவரை யாருமே எழுதாத இனமாக இருந்தால், அதன் நெருங்கிய சொந்தங்களிலிருந்து அது எந்தெந்த விதத்தில் வேறுபடுகிறது என்று வரைந்தும் எழுதியும் நிரூபிக்க வேண்டும். நிரூபித்தவருக்குத்தான் பெயர் வைக்கும் உரிமை.

கேட்கச் சுலபமாக இருக்கிறது, இல்லையா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும் இரண்டு சிலந்திகள் வேறு வேறு இனமாக இருக்குமாம். சாயலே இல்லாத இரண்டு, ஒரே இனத்து ஆணும் பெண்ணுமாக இருக்குமாம். நிறத்தை நம்பினால் மோசம் போவோம், இனப்பெருக்க உறுப்பைத்தான் பார்க்க வேண்டும் என்பாள். இதை அவள் சாப்பாட்டு மேஜையில் விளக்கும்போது விருந்தாளிகள் தங்கள் தட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இத்தனை வருஷத்தில் அவள் பெயர் வைத்த இனம் என்று ஒன்றுகூடக் கிடையாது. மற்றவர்கள் எழுதியதைத் திருத்திக் கொடுப்பாள். “இது புதுசு இல்லப்பா, பழசோட குட்டி” என்று எத்தனையோ பேரை அவமானத்திலிருந்து காப்பாற்றியிருக்கிறாள். கட்டுரையின் கடைசியில் பொடி எழுத்தில் அவளுக்கு நன்றி சொல்வார்கள். “நன்றி சொல்லிச் சொல்லியே என்னை மூலைல உக்கார வச்சுட்டாங்க” என்று அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கரித்துக் கொட்டுவாள்.

அவளுக்கென்று ஒன்று இல்லாமலும் இல்லை. அலுவலகத்துக்குப் பின்னால் ஓடாத பம்பு செட் கட்டடம் ஒன்று இருக்கிறது. அதன் சுவர் வெடிப்பில் ஒரு குதிக்கும் சிலந்தியைப் பிடித்தாள். பழுப்பு நிறம், அரிசி மணியளவு உடம்பு, ஒரு புத்தகத்திலும் இல்லாதது. பிடித்ததெல்லாம் பெண். பெண்ணை மட்டும் வைத்து எழுதுகிறவர்கள் நிறைய உண்டு. இவள் மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். “நாளைக்கு இதோட ஆணை எவனாவது வேற பேர்ல எழுதிட்டான்னா? ஒரே சிலந்திக்கு ரெண்டு பேர். ஊரே சிரிக்கும்.” வருஷக்கணக்கில் அந்தச் சுவரையே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். ஆண் வரவில்லை.

அப்புறம் அந்த அறைக்கு இன்னொருத்தி வேலைக்கு வந்தாள். எங்கள் வீட்டுப் பேச்சில் அவள் பெயர் சின்னவள். நல்ல பெண், அதுதான் பிரச்சினையே. கெட்டவளாக இருந்திருந்தால் என் மனைவி நிம்மதியாகத் திட்டியிருப்பாள். வந்த சில மாதத்திலேயே, அலுவலக வேலிக்கு வெளியே நிற்கிற மரத்தின் பட்டையில் கறுப்பு உடம்பும் வெள்ளைக் கோடுமாக ஓர் ஆண் சிலந்தியைப் பிடித்தாள் சின்னவள். பெண்ணுக்காகவெல்லாம் காத்திருக்கவில்லை. எழுதினாள், அச்சாகிவிட்டது, பெயரும் வைத்தாகிவிட்டது. அலுவலகத்தில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தாளாம். என் மனைவி இரண்டு எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து செருப்பைச் சுவரில் விட்டெறிந்தாள்.

“காத்திருந்தவ முட்டாளு. பறந்தவ கெட்டிக்காரி. அப்படித்தானே?”

“அப்படி யாரும் சொல்லலையே” என்றேன்.

“நான் சொல்றேன். நானும் எழுதத்தான் போறேன்.”

எழுதினாள். பழுப்புப் பெண்ணைப் புதிய இனம் என்று, ஆணே இல்லாமல், அத்தனை வருஷப் பிடிவாதத்தையும் தூக்கிக் கடாசிவிட்டு எழுதி முடித்தாள். அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு, ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்க்காமல் வெளியே அனுப்பக்கூடாது. சின்னவள் படித்துவிட்டுத் தயங்கித் தயங்கி வந்து நின்றிருக்கிறாள்.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. இது என்னோட ஆணுக்கு ஜோடியா இருக்குமோ?”

“உன்னுது மரத்துல. என்னுது சுவத்துல. எப்படி ஜோடியாகும்?”

“ஆண் அலையுமே அக்கா.”

என் மனைவி முகத்தில் ஈயாடவில்லையாம். ஏனென்றால் அந்தச் சந்தேகம் சின்னவளின் படத்தைப் பார்த்த அன்றைக்கே அவளுக்கும் வந்துவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, தன்னிடமே சொல்லிக்கொண்டாளோ என்னவோ. இரண்டும் ஒரே இனம் என்றால் சின்னவள் வைத்த பெயர்தான் நிற்கும். முதலில் அச்சானதற்குத்தான் அந்தத் துறையில் மரியாதை. என் மனைவிக்குத் தன் இனம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே மிஞ்சாது.

“உயிரோட சேத்து வச்சுப் பாத்துடலாமா அக்கா?” என்று கேட்டாளாம் சின்னவள். என் மனைவி குட்டியிலிருந்து வளர்த்த பழுப்புப் பெண் சிலந்தி ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. மாட்டேன் என்றால் பயம் என்று ஆகிவிடும். வரச் சொல்லிவிட்டாள்.

அந்தச் சோதனை இப்படி. பெண் இருக்கும் டப்பாவில் ஆணை விடுவார்கள். அவன் முன்கால்களைத் தூக்கி ஆடுவான். தன் இனத்தான் என்று பெண்ணுக்குப் பட்டால் இடம் கொடுப்பாள். படாவிட்டால் அவன்தான் அன்றைய சாப்பாடு. ஆனால் பசியில் இருக்கும் பெண் தன் இனத்து ஆணையும் தின்றுவிடும். அதனால் முன்கூட்டியே வயிறு நிறையத் தீனி போட்டு வைக்க வேண்டும், அதுதான் முறை. எங்கள் வீட்டில் தீனி போடுவது என் பொறுப்பு. ஃபிரிட்ஜுக்கு மேல் வாழைப்பழத்தை அழுகவிட்டு நானே ஈ வளர்க்கிறேன். எனக்குக் காபி ஆறிப்போனாலும் கவலைப்படாதவள், சிலந்திக்கு ஈ குறைந்தால் சண்டைக்கு வருவாள். அந்த விஷயத்தில் எனக்கும் கொஞ்சம் பொறாமைதான்.

சோதனைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, “அந்தப் பொண்ணுக்கு ஈ போட வேண்டாம்” என்றாள்.

“ஜோடி சேக்கறதுக்கு முன்னாடி நல்லாப் போடணும்னு நீதானே சொல்லுவே?”

“நான் சொன்னதச் செய்யுங்க.”

நான் முட்டாள் இல்லை. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை சின்னவள், அதே மரத்தில் உயிரோடு பிடித்த இன்னோர் ஆண் இருந்த குப்பியைக் கைக்குட்டையில் சுற்றி, குழந்தையை எடுத்து வருகிற மாதிரி எடுத்து வந்தாள். சாப்பாட்டு மேஜையைத் துடைத்துக் கொடுத்தேன். டப்பாவைத் திறந்து ஆணை உள்ளே விட்டார்கள். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம்.

பெண் உடனே அவன் பக்கம் திரும்பிவிட்டது. வயிறு ஒட்டிப்போய் இருந்தது எனக்கே தெரிந்தது. சின்னவளின் கண் ஆண் மீதே இருந்ததால் கவனிக்கவில்லை போலும். பெண் பதுங்கிப் பதுங்கி முன்னால் வந்தது. ஈயைப் பிடிக்கப் போகும்போதும் அப்படித்தான் வரும். என் மனைவியின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை, ஆனால் இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவனுக்கு உதடு போதும். “தின்னுடி” என்றாள்.

ஆண் கால்களைத் தூக்கினான். இடது பக்கம் நாலு எட்டு, வலது பக்கம் நாலு எட்டு, ஓடவில்லை, ஆடினான். பெண் தாவப் போகிற மாதிரி உடம்பைச் சுருக்கியது. அப்படியே நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பிறகு முன்கால்களை மடக்கிக்கொண்டு தாழ்ந்தது. அவன் நெருங்கி வந்து தொட்டான். அது அசையவே இல்லை.

“அக்கா!” என்று சின்னவள் கத்திவிட்டு, உடனே என் மனைவியின் முகத்தைப் பார்த்துக் குரலை அடக்கிக்கொண்டாள். “உங்க பேரும் என் பேரும் சேத்தே போடலாம் அக்கா. பெண்ண நீங்கதான் எழுதணும்.”

“பேர் வச்சது நீ. எழுதிக்கொடுக்கிறது நான். பழகின வேலைதான்” என்றாள் என் மனைவி. குரலில் அத்தனை விஷம்.

சின்னவள் தாளை எடுத்துக் குறித்துக்கொண்டே, “கடைசியா எப்ப சாப்பிட்டுது?” என்று கேட்டாள். அதை எழுதாவிட்டால் சோதனை செல்லாது.

“நேத்து. நான்தான் போட்டேன், வயிறு முட்ட” என்று முந்திக்கொண்டேன். மனைவியைக் காப்பாற்றுவது புருஷன் வேலை இல்லையா?

“பொய் சொல்றார்” என்றாள் அவள். “ஒரு வாரமாப் பட்டினி. போட வேண்டாம்னு நான்தான் சொன்னேன்.”

சின்னவளின் பேனா நின்றுவிட்டது. “ஏன் அக்கா?”

“உன்னோடத அது தின்னுடணும்னு.”

சின்னவள் டப்பாவைப் பார்த்தாள், ஒட்டிக் கிடந்த அந்த வயிற்றை அப்போதுதான் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபமும் இருந்தது, ஆனால் அதற்கு முன்னால் வேலை புத்தி வந்துவிட்டது.

“இவ்வளவு பசியிலயும் தின்னலன்னா...” என்று மெல்ல இழுத்தாள். “இதுக்கு மேல சாட்சியே வேண்டாமே அக்கா.”

“தெரியும். அதுக்குத்தான் உண்மையச் சொன்னேன். ஒரு வாரப் பட்டினின்னு எழுதிக்கோ” என்றாள் என் மனைவி. “எழுதிட்டு சீக்கிரம் கிளம்பும்மா. நான் கொஞ்சம் அழணும்.”