மாமாவின் பேனலும் பெரியப்பாவின் பேனலும்

புயல் கரையைக் கடந்த மறுநாள், தான் ஒன்றுமே செய்யவில்லை என்பதுபோல வானம் வெளுத்துக் கிடந்தது. மயிலாப்பூரில் எங்கள் தெருவின் இரண்டு முனையிலும் மரம் விழுந்திருந்தது. ஆட்டோ வராது, கரண்டும் வராது. எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடம் லீவு என்பதால் எனக்குப் புயல்மேல் கோபம் எதுவும் இல்லை. கவலையெல்லாம் அம்மாவுக்குத்தான். தம்பிக்கு வீசிங். வேளா வேளைக்கு அவனுக்கு நெபுலைசர் வைத்தாக வேண்டும். அந்த மெஷினோ கரண்டு இல்லாமல் ஓடாது. இன்வெர்ட்டர் பேட்டரியும் தீர்ந்துபோயிருந்தது. தலையணையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு மூச்சுக்கும் தோளைத் தூக்கித் தூக்கி இழுத்தான் பாவம்.

அன்று காலையில்தான் பெரியப்பா எங்கள் வீட்டுப் படியேறினார். இது சாதாரண விஷயமில்லை. அம்மா நொச்சிக்குப்பத்தில் மீன்பிடிக்கிற குடும்பத்துப் பெண். அப்பா காதலித்துக் கட்டிக்கொண்டார். அதிலிருந்து அப்பாவின் அண்ணனான இவர் எங்கள் வாசலை மிதித்ததில்லை. கபாலி கோயில் பக்கம் எதிர்ப்பட்டால் அப்பாவிடம் நின்று பேசுவார். அம்மா கூட இருந்தால் அந்த நேரம் பார்த்து கோபுரத்தை ரசிப்பார். அப்படிப்பட்ட மனுஷன், பிள்ளைக்கு மூச்சு இழுக்கிறது என்று கேள்விப்பட்டதும், கிண்டியில் இருக்கும் தன் பட்டறையிலிருந்து ஒரு பெரிய சோலார் பேனலையும், அதற்கும் பேட்டரிக்கும் நடுவே மாட்டுகிற சார்ஜ் கன்ட்ரோலர் பெட்டியையும் ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அப்பா மொட்டை மாடியில் பேனலை வைத்து மாட்டினார். பெட்டியின் சின்னத் திரையில் பேட்டரிப் படத்துக்குள் ஒரு கோடு ஏறியது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெரியப்பா கிளம்பிப்போன பிறகு அம்மாவின் அண்ணன் வந்தார். மாமா தோளில் ஒரு குட்டிப் பேனல். படகில் விளக்குக்காக வைத்திருந்தது. உப்புக்காற்று பட்டு ஓரமெல்லாம் பூத்திருந்தது.

"கடலுக்குத்தான் போவ முடியாதே. அங்க சும்மா கெடந்து இன்னா பண்ணப் போவுது? புள்ளைக்கு மாட்டு நைனா," என்று அப்பாவிடம் நீட்டினார்.

அப்பா தலையைச் சொறிந்தார். ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே என்று இழுத்ததும் மாமாவுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. எங்கள் மாமாவுக்குக் கோபம் வர அதிக நேரம் பிடிக்காது.

"ஓஹோ! உங்க அண்ணன் குட்தா இனிக்குது, நாங்க குட்தா கசக்குதோ?"

அதற்குமேல் அப்பா என்ன செய்வார்? பெரியப்பாவின் பேனலைக் கழற்றவும் முடியாது, மாமாவின் பேனலை வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. கரண்டு வேலையில் பல்பு மாற்றுவதைத் தாண்டி அப்பா போனதில்லை. ஆனாலும் இரண்டு பேனலின் ப்ளக்குகளும் ஒன்றுக்குள் ஒன்று கிளிக் என்று நுழைந்ததும் ஏதோ ராக்கெட்டை ஏவியவர்போல நிமிர்ந்து நின்றார். ஒரு பேனலின் வால் அடுத்த பேனலின் தலையில், அதன் வால் பெட்டியில். இரண்டு வீட்டு மரியாதையும் காப்பாற்றப்பட்டது.

சாயங்காலம் தம்பிக்கு மெஷின் வைத்தோம். பாதி மருந்து உள்ளே போவதற்குள் கர்ரென்று ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டது. அப்பா மேகத்தைக் குறை சொன்னார். வானத்தில் மேகமே இல்லை. அம்மா தம்பியின் முதுகைத் தேய்த்துக்கொண்டே சுவரில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். மாமா வருவதற்கு முன்னால் ஏறிய அந்த இரண்டு கோட்டுக்குப் பிறகு எதுவுமே ஏறியிருக்கவில்லை.

மறுநாள் வெயில் வந்ததும் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போனாள். தன் அண்ணனுடைய பேனலின் இரண்டு ப்ளக்குகளையும் பிடுங்கினாள். பெரியப்பாவின் பேனலை மட்டும் நேராகப் பெட்டிக்குப் போகிற வயரில் மாட்டினாள். குட்டிப் பேனலை இருந்த இடத்திலேயே வெயில் பார்க்க விட்டுவிட்டு, "யார்கிட்டயாவது வாயத் தொறந்தே, தோல உரிச்சிடுவேன்" என்றாள். மத்தியானத்துக்குள் பேட்டரிப் படம் நிறைந்துவிட்டது.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. அகலமான குழாயோடு ஒல்லிக் குழாயை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்தால், ஒல்லிக் குழாய் விடுகிற தண்ணீர்தான் வரும். இதெல்லாம் நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது.

அன்று சாயங்காலம் பார்த்து இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். மாமா உட்காரவில்லை, நேராக மாடிக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். மாமா தன் பேனல் முன்னால் நின்று, தொங்கிக்கொண்டிருந்த இரண்டு ப்ளக்கையும் பார்த்தார். போச்சு, இன்றைக்கு வீடு ரெண்டுபடப் போகிறது என்று நினைத்தேன். மாமா குனிந்து அந்த வயரைச் சுருட்டிப் பேனலுக்கு அடியில் தள்ளினார்.

கீழே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தம்பியின் தோள் ஏறி இறங்குவது நின்றிருந்தது. அம்மா நிமிர்ந்து, "உன் பேனல் வந்த நேரம்ண்ணா, புள்ள மூச்சு விடுது" என்றாள், முகம் மாறாமல். மாமாவும் முகம் மாறாமல் பெரியப்பாவைப் பார்த்து, "ரெண்டும் சேந்துகினு இன்னா ஃபோர்ஸா ஏத்துது பாத்தியா சார்!" என்றார். அப்பா, "மாட்டினது யாரு?" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். இன்றுவரைக்கும் அவர் அதை நம்புகிறார்.

பெரியப்பா எழுந்தார். பேனலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மாடிக்குப் போனார். பட்டறை வைத்திருக்கிறவர், வயரைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடுவாரே! மாமா என் கண்ணைப் பார்க்காமல் டீயை ஊதினார். அம்மாவின் கை தம்பியின் முதுகில் அப்படியே நின்றுவிட்டது.

பெரியப்பா இறங்கி வந்தார். "ரெண்டும் அப்படியே இருக்கட்டும். எதையும் கழட்ட வேணாம்," என்று அப்பாவிடம் சொன்னார். பிறகு மாமா பக்கம் திரும்பி, "மச்சான், உங்க பேனல் இல்லன்னா இவ்வளவு சீக்கிரம் ஏறியிருக்காது" என்றார். அதுவரை அவர் மாமாவை எந்த உறவு சொல்லியும் கூப்பிட்டதில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொய் சொன்னால் வாயில் சூடு வைப்பேன் என்று என்னை மிரட்டுகிறவர்கள், ஒரு வயரைப் பற்றி ஆளாளுக்குப் புளுகிவிட்டு டீ குடிக்கிறார்களே! நியாயம் கேட்கலாம் என்று அம்மாவைத் தேடி அடுப்படிக்குப் போனேன். அங்கே அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். நான் ஓடிப்போய்ப் பெட்டியைப் பார்த்தேன். எல்லாக் கோடும் இருந்தது. தம்பியைப் பார்த்தேன். நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். திரும்பி வந்து, "பேட்டரி ஃபுல்லா இருக்கும்மா, அழாதே" என்று அவளுக்குத் தைரியம் சொன்னேன்.