பழனியம்மாவின் தண்ணீர் கேன்

பாலக்காட்டுக் கஞ்சிக்கோட்டில் ஒரு பாலிமர் கம்பெனியில், தரம் சோதிக்கும் க்யூசி கெமிஸ்டாக இருந்தேன். அங்கே நான் பார்த்த பெரிய வித்தை எங்கள் டெக்னிக்கல் மேனேஜரின் டெமோதான். வயலில் ஈரத்தைப் பிடித்துவைக்கும் ஹைட்ரோஜெல் குருணையை ஒரு ஸ்பூன் பீக்கரில் போட்டு, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவார். குருணை ஊதி பீக்கர் நிறைந்துவிடும். மனுஷன் மழையையே கண்டுபிடித்தவர்போல் நிற்பார். டீலர்கள் கைதட்டுவார்கள்.

பாலிமரின் நீளச் சங்கிலிகளை ஆங்காங்கே முடிச்சுப் போடுவதுதான் கிராஸ்லிங்க். முடிச்சு குறைந்தால் ஊதல் கூடும். டெமோவுக்காகவே மேனேஜர் முடிச்சைக் குறைத்துக்கொண்டே போனார். கிழக்குப் பாலக்காட்டு போர்வெல் தண்ணீரில் கால்சியம் அதிகம். அது சங்கிலிகளை இறுக்கிவிடும், குருணை ஊதாது. அதற்காக, கால்சியத்துக்கு மசியாத அக்ரிலமைடைக் கூட்டி நான் ஒரு ட்ரையல் பேட்ச் போட்டேன். டிஸ்டில்டு வாட்டரில் அது பாதிதான் ஊதியது.

"என்ன ஓய் இது, சோனிப்பயலாட்டம் இருக்கு? டெமோல வச்சா மானம் போயிடும்" என்று ஒதுக்கிவிட்டார். விற்கிற குருணையின் டெஸ்ட் ரிப்போர்ட்டில், எந்தத் தண்ணீரில் சோதித்தது என்ற இடத்தைக் காலியாக விடச் சொன்னார். விட்டேன், கையெழுத்தும் போட்டேன்.

கோடையில் அந்தக் கிழக்குப் பகுதிக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பழனியம்மா என்ற விவசாயி கேனும் கையுமாக வந்தார். எங்கள் பேச்சை நம்பிக் குருணையை வாங்கிப் போட்டு, தென்னம்பிள்ளைகளுக்குத் தண்ணீரைக் குறைத்திருக்கிறார். எல்லாம் வாடிக்கொண்டிருந்தன.

"நீங்க விட்ட ஜலம் போறாதும்மா" என்றார் மேனேஜர்.

"இது எங்க தோட்டத்துத் தண்ணிங்க. நீங்களே ஊத்திக் காட்டுங்க."

மேனேஜர் ஊற்றினார். அரை மணி நேரமாகியும் குருணை அடியிலேயே கிடந்தது. நான் யாரையும் கேட்காமல் பக்கத்து பீக்கரில் அதே தண்ணீரில் என் பேட்சைப் போட்டிருந்தேன். அது பாதி பீக்கருக்கு ஏறியிருந்தது.

"இத ஏனுங்க எங்களுக்குக் குடுக்கல?"

"அது பார்க்க நன்னா இருக்காதும்மா." சொல்ல அவருக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை.

பழனியம்மா பையிலிருந்து, குருணையோடு வந்த ரிப்போர்ட்டை எடுத்தார். "இதுல கையெழுத்துப் போட்டது யாருங்க?"

"நான்தான்."

"தெரிஞ்சேதான் போட்டீங்களா?"

ஆமாம் என்றேன். அவர் கேனை மூடித் தூக்கினார். "மீதித் தண்ணியக் கொண்டு போறனுங்க. பிள்ளைக்கு ஊத்தோணும்."

லேபுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பொருள் போய்ச் சேரும் ஊரின் தண்ணீரில் டெஸ்ட் செய்யுங்கள். மேனேஜரை நான் இன்றும் கேலி பேசுவேன், அதற்குக் குறைவில்லை. ஆனால் பழனியம்மாவிடம் இருக்கும் காகிதத்தில் மேனேஜரின் பெயர் இல்லை.